ஒதுக்கி வைத்ததில் சேராதவை

லோசிவாலேயின் பெரியப்பா இறந்துவிட்டார் என்று தொலைபேசி வந்தபோது மணி பதினொன்று. இரண்டு மணிப் படகைப் பிடித்தால்தான் வெளிச்சம் இருக்கும்போதே சவாயித் தீவில் அவள் ஊருக்குப் போய்ச் சேர முடியும். எங்களிடையே சாவு என்றால் யாரும் இதை முடித்துவிட்டு வருகிறேன் என்று சொல்வதில்லை. கையில் இருப்பதை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போவார்கள். எப்போது திரும்புவாய் என்று எந்த முதலாளியும் கேட்க மாட்டார்.

எங்கள் முதலாளி பெனியமினாவும் கேட்கவில்லை. மாடிப்படி இறங்கிக் கீழே உள்ள கடைக்கு ஓடி, ஒரு பெட்டி டின் மீனைத் தோளில் சுமந்து வந்து லோசியின் காலடியில் வைத்தார்.

"வெறுங்கையோட போயி என் மானத்த வாங்காத. ஆபீஸ் பேரச் சொல்லிக் குடு."

"அண்ணா, இத யாரு படகுல ஏத்துவா?"

"எனக்குத் தம்பிங்க பத்துப் பேருன்னு பீத்திக்குவியே, அவங்க என்ன பண்ணுறாங்க?"

லோசி அழுதுகொண்டே சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு கணினிப் பக்கம் திரும்பினாள்.

"ஒரே நிமிஷம் மதலேனா. என் சாமானெல்லாம் எடுத்து வச்சிட்டு உனக்கு எடத்தக் குடுத்துடறேன்."

அந்த மாதம் எங்கள் இருவருக்கும் ஒரே கணினிதான். என்னுடையது மின்னல் விழுந்து கருகிப் போயிருந்தது. புதியது ஆக்லாந்திலிருந்து கப்பலில் வந்துகொண்டிருந்தது. காலையில் அவள், பகலுக்கு மேல் நான். அந்த அலுவலகமே நாங்கள் மூன்று பேர்தான். ஊர் ஊராகப் போய்க் குழந்தைகளை எடை பார்க்கும் செவிலியர்களுக்காக, கைக்கணினியில் இயங்கும் ஒரு நிரலை எழுதிக்கொண்டிருந்தோம். பெனி வேலை பிடித்து வருவார். நிரல் எழுதுவது நானும் லோசியும். நான் இருபது வருடமாக இதே தொழில். லோசி பதினான்கு வருடம் செவிலியாக இருந்துவிட்டு, முப்பத்தேழு வயதில் இதைக் கற்றுக்கொண்டு வந்தவள். எனக்கும் அவளுக்கும் மூன்று வயதுதான் வித்தியாசம்.

எங்கள் வேலையில் ஒரு வசதி உண்டு. பாதியில் நிற்கும் மாற்றங்களையெல்லாம் ஒரே கட்டளையில் சுருட்டித் தனியே ஒதுக்கி வைத்துவிடலாம். ஸ்டாஷ் என்போம். மேசையைத் துடைத்து வைத்தது போல் ஆகிவிடும். அடுத்தவர் உட்கார்ந்து தன் வேலையைப் பார்க்கலாம். பிறகு வந்து, ஒதுக்கியதை இறக்கி, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். பாதி வேலையைப் பொது சர்வருக்கு அனுப்பக் கூடாது என்று நான் ஒரு விதி வைத்திருந்தேன். முன்பு இங்கே வேலை பார்த்த ஒருவர் ஒருமுறை அனுப்பிய அரைகுறை வேலை செவிலியர்களின் கைக்கணினி வரைக்கும் போய்விட்டது. அன்றிலிருந்து எங்கள் அலுவலகத்தில் முடியாத எதுவும் வெளியே தெரியாது, ஒதுக்கலில்தான் கிடக்கும்.

லோசி கட்டளையைத் தட்டினாள். 'லோசியின் படப் பக்கம், பாதி' என்று அதற்குக் குறிப்பும் எழுதினாள். கைப்பையை எடுத்துக்கொண்டு, என் கன்னத்தோடு கன்னம் வைத்துவிட்டுப் போனாள். டின் மீன் பெட்டியைப் பெனியே காரில் ஏற்றினார்.

நான் உட்கார்ந்தேன். மூன்று மணிக்குச் சுகாதாரத் துறையிலிருந்து இரண்டு பேர் புதிய பதிப்பைப் பார்க்க வருவதாக இருந்தது. எழுதியதையெல்லாம் சேர்த்து இயங்கும் பதிப்பாகக் கட்டப் பார்த்தேன், கட்டுப்படவில்லை. ஏதோ தெரியாத கோப்புகள் கிடக்கின்றன என்று முரண்டு பிடித்தது. ஒதுக்கலைப் பார்த்தேன், லோசியின் குறிப்பு இருந்தது. சரி, அவளுடையது எல்லாம் பத்திரம். மிச்சம் கிடப்பது குப்பை என்று முடிவு செய்தேன். துப்புரவுக் கட்டளை ஒன்று உண்டு. அதை முதலில் ஒத்திகையாக ஓட்டி, எதையெல்லாம் அழிக்கப் போகிறது என்று பட்டியலைப் பார்த்துவிட்டுத்தான் நிஜமாக ஓட்ட வேண்டும். அப்படித்தான் செய்தேன். பட்டியல் வந்தது. முப்பத்தாறு வரி.

அதன் பிறகு நிஜமாக ஓட்டினேன். பதிப்பு கட்டுப்பட்டது. அதிகாரிகள் வந்தார்கள், கோக்கோ குடித்தார்கள், நன்றாக இருக்கிறது என்றார்கள்.

எட்டாம் நாள் லோசி திரும்பினாள். வெயிலில் கறுத்து, குரல் கம்மி, கை நிறைய வாழைத்தாரும் சேப்பங்கிழங்குமாக வந்தாள். பெரியப்பாவுக்குச் சாவு மரியாதையாக வந்த மெல்லிய பாய்கள் எத்தனை, யார் யாருக்குள் சண்டை வந்தது, பாதிரியார் எப்படிப் பிரசங்கத்தின் நடுவே தூங்கிப் போனார் என்று பெனிக்கு நடித்தே காட்டினாள். அப்புறம் என் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"என் சாமான இறக்கலாமாடி?"

இறக்கியதும் மோதியது. அவள் இல்லாத எட்டு நாளில் அதே பக்கத்தை நானும் மாற்றியிருந்தேன். ஒதுக்கி வைத்தது ஒதுக்கிய நாளிலேயே நின்றுவிடுகிறது. கீழே தரை நகர்ந்ததை அது அறியாது. இரண்டையும் அருகருகே காட்டி, எது வேண்டும் என்று நம்மைத்தான் கேட்கும். ஒரு மணி நேரம் இருவரும் தோளோடு தோள் இடிக்க உட்கார்ந்து அதைத் தீர்த்தோம்.

"இந்த வரி? என்னோடதா ஒன்னோடதா?"

"ஒன்னோடதே இருக்கட்டும். நல்லாருக்கு."

"பொய் சொல்லாத."

"இல்லடி, நெசமாத்தான். என்னோடது சுத்தி வளைக்குது."

"அப்ப இது என்னோடது, அது ஒன்னோடது. சண்டையில்லாம பாகம் பிரிச்சாச்சு. எங்க பெரியப்பா வீட்டுக்கு ஒன்னக் கூட்டிட்டுப் போயிருக்கணும்."

அவள் முடியில் இன்னும் அடுப்புப் புகை வாசனை இருந்தது. அந்த ஒரு மணி நேரம் நான் மிகவும் சந்தோஷமாக இருந்தேன். அதை இப்போது எழுதக் கூசுகிறது. ஆனாலும் இருந்தேன்.

பிறகு அவள் தன் பக்கத்தைத் திறந்தாள். வரிசைக்கு ஆறாக, ஆறு வரிசை. எல்லாம் வெற்றுச் சதுரங்கள்.

"படம் எங்க?" என்றாள்.

படம் என்பது அவள் வரைந்தது. குழந்தைக்குப் பால் கொடுப்பது எப்படி, தலையை எப்படித் தாங்குவது, எடை ஏறாத குழந்தையின் தொடை எப்படி இருக்கும், காய்ச்சல் குழந்தையின் கண் எப்படி இருக்கும் என்று முப்பத்தாறு படங்கள். எழுத்தைப் படிக்கப் பொறுமையில்லாத தாய்க்கும் ஒரு பார்வையில் விளங்க வேண்டும் என்று, ஐந்து மாதமாக அந்தக் கணினியிலேயே மின்பேனாவால் வரைந்திருந்தாள். வேலை நேரம் முடிந்த பிறகு, பேருந்து வரும்வரை கிடைக்கும் அரை மணியில். காகிதத்தில் ஒன்றும் இல்லை. வேறு பிரதியும் இல்லை. முடித்த பிறகு காட்டுகிறேன் என்று யாரையும் பார்க்க விட்டதில்லை.

அவள் தேடினாள். நானும் தேடினேன். இல்லை என்று தெரிந்துகொண்டே ஒவ்வொரு கோப்புறையாகத் திறந்து மூடினேன். அந்தக் கட்டளை அழிப்பது குப்பைக்கூடைக்குப் போவதில்லை, இல்லாமலே போகிறது. ஒத்திகைப் பட்டியலில் வந்ததும் முப்பத்தாறு வரிதான்.

"ஐயோ," என்றாள் லோசி, திடீரென்று. "நானேதான். புதுசா உருவாக்கின ஃபைல் எல்லாம் ஸ்டாஷ்ல சேராதுல்ல? அதுக்குத் தனியா ஒரு எழுத்து சேத்து அடிக்கணும்ல? அவசரத்துல வெறுமனே அடிச்சிட்டேன். அதுதான் எல்லாத்தையும் தொடச்சிப் போட்டிருக்கு."

அவள் சொன்னதில் பாதி சரி. ஸ்டாஷ் தனக்கு முன்பே அறிமுகமான கோப்புகளைத்தான் கவனிக்கும். புதிதாக வந்த கோப்பு அறிமுகம் செய்யப்படும்வரை அதற்கு அன்னியம். ஒதுக்கும்போது அதைத் தொடாது. மற்ற பாதி தவறு. தொடாது என்றால் அழிக்கவும் அழிக்காது. அப்படியே கிடந்த இடத்திலேயே விட்டுவிட்டுப் போகும். அவளுடைய முப்பத்தாறு படமும் அவள் படகேறும்போது இருந்த இடத்திலேயே இருந்தன. இது அந்த அறையில் எனக்கு மட்டும்தான் தெரியும்.

நான் வாயைத் திறந்தேன். "அழாதடி," என்று சொன்னேன்.

அவ்வளவுதான் சொன்னேன். அவளை அணைத்துக்கொண்டேன். என் தோளில் முகத்தை வைத்து அழுதாள். பெனி வந்து, சின்ன விஷயத்துக்குப் போயி, கம்ப்யூட்டர்தான ஆளையா முழுங்கிருச்சு என்றார். லோசி அவரை முறைத்தாள். அவர் போய் ஆளுக்கொரு அப்பம் வாங்கி வந்து வைத்தார், யாரும் தொடவில்லை.

ஏன் சொல்லவில்லை என்று பல நாள் என்னையே கேட்டிருக்கிறேன். வேலை போய்விடும் என்ற பயமில்லை. பெனி எனக்குத் தூரத்து உறவு, திட்டுவார், மறப்பார். எனக்குக் கவனமானவள் என்று பெயர். இருபது வருடமாக எதையும் தொலைக்காதவள். ஒத்திகை பார்க்காமல் எதையும் அழிக்காதவள். அந்தப் பெயரில்தான் நான் குடியிருந்தேன். அதைவிட்டு வெளியே வந்தால் எனக்குப் போட்டுக்கொள்ள வேறு துணி இல்லை என்பது போல இருந்தது.

இன்னொன்றும் உண்டு, அதைவிட மோசம். அவளைத் தேற்றுவது எனக்குப் பிடித்திருந்தது. தன்னைத்தானே திட்டிக்கொண்டு அவள் என் பக்கம் சாயும்போதெல்லாம், பெருந்தன்மையாக இருக்க எனக்கு ஒரு வாய்ப்புக் கிடைத்தது. யார் வேண்டுமானாலும் செய்யக்கூடிய தவறு என்று அவளிடம் சொன்னேன். அந்த வாக்கியத்தைச் சொல்லும்போது என் குரல் எவ்வளவு மென்மையாக இருந்தது என்று நினைத்தால் இன்றும் உடம்பு கூசுகிறது.

பத்து நாள் போயிற்று. லோசி படம் வரைய உட்காரவே இல்லை. பத்து வரி எழுதுவதற்குள் என்னை மூன்று முறை கூப்பிட்டு, இது சரியா, இதை அடிக்கலாமா என்று கேட்டாள். முன்பெல்லாம் அவள் கேட்க மாட்டாள்; அடித்துப் பார்த்துவிட்டுச் சிரிப்பாள். இப்போது விசைக்கு மேலே விரலை வைத்துக்கொண்டு காத்திருந்தாள். காய்ச்சல்காரர் கஞ்சிக் கிண்ணத்தைப் பிடிப்பது போல.

ஒரு வெள்ளிக்கிழமை பெனியின் மேசையில் ஒரு கடிதத்தை வைத்தாள்.

"அக்கா ஆக்லாந்துல வயசானவங்க இல்லத்துல வேலை பாக்குறா. அங்க செவிலிக்கு எடம் காலியா இருக்காம்."

"நல்லாத்தான போயிட்டிருக்கு? இப்ப என்ன வந்துச்சு?"

"நல்லா போகல அண்ணா. இது எனக்கான வேலை இல்ல. பதினாலு வருஷத்துல ஒரு கொழந்தைக்குக்கூட மருந்த மாத்திக் குடுத்ததில்ல நான். இங்க வந்து ஒரு எழுத்த விட்டதுக்கு அஞ்சு மாசம் போச்சு. நாளைக்கு ஒரு கொழந்தையோட எடையத் தொலச்சா? அந்த நர்சு என்ன பண்ணுவா?"

பெனி என்னைப் பார்த்தார். நீயாவது சொல்லேன் என்ற பார்வை. நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில், கருகிய கணினியின் வட்டிலிருந்து மீட்டெடுத்த என்னுடைய பழைய ஒதுக்கல்களின் பட்டியல் திறந்திருந்தது. பதினேழு. குறிப்பு எழுதாமல் வைத்தவை; எல்லாவற்றிற்கும் இயந்திரம் தானே போட்ட ஒரே பெயர். மூன்று வருடத்துக்கு முந்தையதும் இருந்தது. எதற்குள் என்ன இருக்கிறது என்று எனக்கே தெரியவில்லை. அப்புறம் பார்க்கலாம் என்று வைத்தவை.

"யோசிச்சு முடிவெடு," என்றேன் லோசியிடம். அதுதான் அந்த வாரம் நான் சொன்னதிலேயே கேவலமான சொல்.

மறுநாள் சனிக்கிழமை காலையில் நகரத்து மோத்தூட்டுவாப் பகுதியில் அவள் வசிக்கும் வீட்டுக்குப் போனேன். எப்படிப் போனேன் என்றால், பேருந்தில் ஏறி, அவள் நிறுத்தத்தைத் தாண்டிப் போய் இறங்கி, திரும்பி நடந்து. வாசலில் துணி காயப் போட்டுக்கொண்டிருந்தாள். என்னைப் பார்த்ததும் வாயில் கடித்திருந்த கவ்வியை எடுத்தாள்.

"என்னடி, மொகமெல்லாம் இப்படி வெளுத்திருக்கு? பாயத் தலையில போட்டுட்டு வந்து உக்காரப் போறியா? யாரக் கொன்ன?"

எங்களில் கொலைப்பழி போன்ற பெரிய குற்றம் செய்தவன், நல்ல பாயொன்றால் தலையை மூடிக்கொண்டு, இழந்தவர் வீட்டு வாசலில் விடியலில் வந்து உட்காருவான். வீட்டுக்காரர் வந்து பாயை விலக்கும்வரை எழுந்திருக்க மாட்டான். அவள் விளையாட்டுக்குத்தான் கேட்டாள். நான் அங்கேயே, ஈரத் துணிகளுக்கு அடியில், புல்லில் உட்கார்ந்துவிட்டேன்.

"ஏய், எழுந்திரு. சும்மா கேலிக்குச் சொன்னா... மதலேனா?"

"ஒன் படத்த ஸ்டாஷ் அழிக்கல. புது ஃபைல அது தொடவே தொடாது. அப்படியே விட்டுட்டுப் போகும். ஒன்னோடது அங்கயேதான் இருந்துச்சு. நான்தான் தொடச்சேன். அன்னிக்கு மத்தியானம், அதிகாரிங்க வர்றதுக்கு முன்னாடி."

 ஒரு சின்னக் குழந்தைச் சட்டை அவள் கையில் சொட்டிக்கொண்டிருந்தது. அண்ணன் மகளின் குழந்தையுடையது.

"தெரியாம செஞ்ச," என்றாள், மெதுவாக. கேள்வியாகவா, எனக்கு வழி விடவா என்று தெரியவில்லை.

அங்கே நான் ஆம் என்று சொல்லியிருக்கலாம். அதற்குத் தயாராகத்தான் போயிருந்தேன். ஆனால் பேருந்தில் போகும்போது, அந்தப் பட்டியலை நான் உண்மையில் பார்த்தேனா இல்லையா என்று மறுபடி மறுபடி நினைத்துப் பார்த்திருந்தேன். பார்க்கவில்லை, வேகமாக ஓடிவிட்டது என்றுதான் இத்தனை நாளும் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன்.

"பட்டியல் வந்துச்சு. பாத்தேன். முதல் நாலு வரிய வாசிச்சேன். பேருங்க. மனுஷங்க பேரு. குப்பைக்கு யாரும் பேரு வைக்க மாட்டாங்களேன்னு ஒரு நிமிஷம் தோணுச்சு. அவசரம். ஒன்னோடதெல்லாம் ஒதுக்கலுக்குள்ள இருக்குதுன்னு வச்சுக்கிட்டு அடிச்சிட்டேன்."

"அப்புறம்?"

"அப்புறம் நீ வந்து தேடினப்பவே எனக்குத் தெரியும்."

"பதினஞ்சு நாளா?"

"ஆமா."

லோசி அந்தச் சட்டையைக் கொடியில் போட்டுக் கவ்வி மாட்டினாள். இரண்டு கவ்வி போதும், நான்கு மாட்டினாள்.

"என்ன பேரு?"

"என்னது?"

"வாசிச்சேன்னியே. நாலு பேரு. சொல்லு."

"அயோனா. ஃபெதூ. கலலா. லெமூசு."

"அயோனா," என்றாள். "ஏழு மாசத்துல பொறந்தவன். என் உள்ளங்கையில இருந்தான். இப்ப பள்ளிக்கூடத்துல ரக்பி ஆடறான், கால ஒடச்சுக்கிட்டு வர்றான். ஃபெதூவோட அம்மாவுக்குப் பதினேழு வயசு, பிள்ளையத் தூக்கத் தெரியாது, கோழியத் தூக்கற மாதிரி தூக்குவா. கலலாவுக்குக் கண்ணு அவ்வளோ பெருசு. வரையறதுக்கு நாலு நாளாச்சு. லெமூசு..." நிறுத்தினாள். "ஒவ்வொரு படமும் ஒரு பிள்ளை. நான் பாத்த பிள்ளைங்க. அதான் அந்தப் பேரு."

நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

"படம் போனதுக்கு ஒன்ன ஒண்ணும் சொல்ல மாட்டேன்டி. நான்கூட அதேதான் செஞ்சிருப்பேன், அவசரம்னா. ஆனா பதினஞ்சு நாளா ராத்திரி படுத்தா என் கையப் பாத்துக்கிட்டே படுத்திருந்தேன். இந்தக் கைய இனி நம்பலாமா நம்பக்கூடாதான்னு. நீ பக்கத்துலயே உக்காந்து, யாரு வேணாலும் செய்யற தப்புன்னு சொன்ன." அவள் குரல் உடைந்தது. "அத எப்படிடி சொன்ன? எனக்கு நீ அத எப்படிச் சொன்ன?"

"தெரியல."

"தெரியலயா?"

"தெரியும். நான் தப்பே செய்யாதவளா இருக்கணும்னு இருந்துச்சு. நீ செஞ்சதா இருந்தா அது முடியும்."

 உள்ளே குழந்தை அழுதது. அவள் அசையவில்லை. பிறகு சொன்னாள்:

"எழுந்து வீட்டுக்குப் போ. ஒன்ன இப்ப உள்ள கூப்பிட முடியல. பாயெல்லாம் விலக்க முடியாது."

போனேன். திரும்பிப் போகும்போது பேருந்தில் ஒரு பாட்டு சத்தமாகப் போட்டிருந்தார்கள். அழாமல் இருக்க ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். மனம் லேசாகிவிட்டது என்று சொல்ல ஆசைதான். ஆகவில்லை. ஒரு பாரத்தை அவள் வாசலில் இறக்கி வைத்துவிட்டு வந்தது போல இருந்தது. அதை இப்போது அவள் தூக்க வேண்டும்.

ஞாயிறு தேவாலயத்தில் பின்வரிசையில் இருந்த அவள் என் பக்கமே பார்க்கவில்லை.

திங்கள் காலை நான் போனபோது அவள் பெனியின் மேசைக்கு எதிரே கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தாள். கடிதம் இருவருக்கும் நடுவில் கிடந்தது.

"வந்துட்டாளா. அண்ணாகிட்டச் சொல்லு," என்றாள் என்னிடம். "நான் சொல்ல மாட்டேன். நீதான் சொல்லணும்."

சொன்னேன். பேருந்தில் ஒத்திகை பார்த்திருந்த வரிசையில் வரவில்லை, முன்பின்னாக வந்தது. பெனி நடுவில் ஒருமுறை கூடக் குறுக்கிடவில்லை. அவரைப் பொறுத்தவரை அது பெரிய விஷயம்.

"இருபது வருஷமா நீ ஒரு தப்பாவது செய்வேன்னு காத்துக்கிட்டிருந்தேன்," என்றார் கடைசியில். "செஞ்சதுதான் செஞ்ச, இவ்வளோ பெருசாவா?" பிறகு குரல் மாறி, "பதினஞ்சு நாளு இந்தப் பொண்ணு சாப்பிடவே இல்ல, மதலேனா. நான் பாத்துக்கிட்டேதான் இருந்தேன். நீயும்தான் பாத்த," என்றார்.

அது அடி. நான் அதை வாங்கிக்கொண்டேன்.

"ஆக்லாந்துக்கு அக்கா எப்ப வேணாலும் கூப்பிடுவா," என்றாள் லோசி. "போறதா இருந்தா இந்த வேலை பிடிக்காமப் போகணும். எனக்கு வராதுன்னு நெனச்சுட்டுப் போகக் கூடாது. அந்தக் காரணம் பொய்னு ஆயிடுச்சு. அதனால இப்ப போகல." கடிதத்தை எடுத்து மடித்துக் கைப்பையில் போட்டுக்கொண்டாள். "ஆனா ஒரு விஷயம். இனிமே என் பாதி வேலைய நான் ஒதுக்கல்ல வைக்க மாட்டேன். என் பேர்ல தனிக் கிளை போட்டு சர்வருக்கு அனுப்புவேன். தெனமும். அரைகுறையா இருந்தாலும். மூக்கில்லாத பிள்ளையா இருந்தாலும் எல்லாரும் பாக்கட்டும்."

விதி என்னுடையது. கிளை என்பது பொது வேலையைத் தொடாமல் ஓரமாக வளரும் தனிப் பிரதி; அதில் கிடப்பது கைக்கணினிக்குப் போகாமல் பார்த்துக்கொள்ள வழி உண்டு என்பது எனக்கு எப்போதோ தெரியும். முடியாத வேலை யார் கண்ணிலும் படுவது எனக்குப் பிடிக்காது, அவ்வளவுதான். "சரி," என்றேன். அன்றைக்கே அந்த ஏற்பாட்டைச் செய்து கொடுத்தேன்.

பகல் சாப்பாட்டுக்குப் பிறகு அவள் மின்பேனாவை எடுத்தாள். சற்று நேரம் வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு, என் பக்கம் திரும்பாமலே,

"ஒன் கைய இங்க கொண்டா," என்றாள்.

"எதுக்கு?"

"பிள்ளையத் தாங்குற கை வேணும். எனக்கு ஞாபகத்துல இருந்து மொகம் வருது, கை வர மாட்டேங்குது. அண்ணா, கீழ கடையில நாலு கிலோ அரிசி மூட்டை ஒண்ணு வாங்கிட்டு வாங்க. புதுசாப் பொறந்ததுக்குக் கொஞ்சம் அதிகம், பரவால்ல, கொழுத்த பிள்ளைன்னு வச்சுக்கலாம்."

பெனி முணுமுணுத்துக்கொண்டே போய் வாங்கி வந்தார். அவள் மூட்டையின் ஒரு முனையைக் கயிற்றால் கட்டித் தலை போல ஆக்கி என் கையில் வைத்தாள். எனக்குப் பிள்ளைகள் இல்லை. நான் அதை இரு கையாலும் கெட்டியாகப் பிடித்தேன்.

"அப்படியா பிடிப்பாங்க? தட்டா அது? முழங்கைய மடக்கு. தலை இங்க வரணும். இன்னும் உள்ள." என் முழங்கையைப் பிடித்து அவளே திருப்பி வைத்தாள். சனிக்கிழமைக்குப் பிறகு அவள் கை என்மேல் பட்டது அப்போதுதான். "கழுத்துக்குக் கீழ விரலக் குடு. பயப்படாத, ஒடஞ்சிடாது. இறுக்காத. அதுக்கு மூச்சு வேணும்ல."

"இப்ப?"

"இப்ப ஆடாத."

அவள் வரையத் தொடங்கினாள். நான் ஆடவில்லை. பத்து நிமிடத்தில் தோள் வலித்தது. இருபது நிமிடத்தில் விரல் மரத்தது. ஒருமுறை நான் நெளிந்தபோது நிமிர்ந்து பார்த்து, "வலிக்குதா?" என்றாள்.

"ம்."

"இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டு மறுபடி குனிந்துகொண்டாள். கோபமாகச் சொன்னாளா, சிரிப்பை அடக்கினாளா என்று அவள் முகத்திலிருந்து எனக்குத் தெரியவில்லை. திரையில் ஒரு முழங்கை வந்திருந்தது, அதன் மடிப்பில் ஒரு சின்னத் தலை, இன்னும் காது வரையாதது. மூட்டை சரியாமல் இருக்க நான் மூச்சை மெதுவாக விட்டுக்கொண்டிருந்தேன்.

"அயோனாவா?" என்று கேட்டேன்.

"அவனுக்கு ஒன் கை ரொம்பப் பெருசு. இது லெமூசு," என்றாள். "தலையத் தாங்குடி, தொங்குது பாரு."